வெடிமருந்தின் அருகில் ஒரு கத்தோலிக்கர்



இப்பகுதியில் நாம் பெரும்பாலும் புனிதர்களின் வாழ்வையே சிந்திப்பது வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொள்ளும் மனிதர் புனிதர் அல்லர். அவருக்குப் பீடமில்லை, திருநாளுமில்லை. ஆனால் அவர் செபித்தார், திருப்பலி கண்டார், நற்கருணை வாங்கினார், தம் விசுவாசத்துக்காக எதையும் இழக்கத் தயாராய் இருந்தார். அதே மனிதர்தான் 1605-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஓர் இரவில், இலண்டன் நகரில் பிரபுக்கள் அவையின் கீழிருந்த நிலவறையில், 36 பீப்பாய் வெடிமருந்தின் அருகே திரியும் லாந்தருமாகப் பிடிபட்டார். அவர் பெயர் கை ஃபாக்ஸ்.

பயங்கரவாதம் பற்றிய செய்தி வரும்போதெல்லாம் அதை யாரோ ஒருவருடைய மதத்தின் நோயாகவோ, வேறு ஏதோ ஒரு கொள்கையின் வெறியாகவோ பேசிவிட்டு நகர்வது நமக்கு எளிதாக இருக்கிறது. ஃபாக்சின் வாழ்வை வாசிக்கும்போது அந்த வசதி நமக்குக் கிடைப்பதில்லை. சொந்த நாட்டின் அரசரையும் அவையையும் ஒரே வெடியில் அழிக்கத் துணிந்த அந்தப் பதின்மூன்று பேரும் கத்தோலிக்கர்கள். அவர்களில் பலர், சாதாரண நாட்களில் நம் பங்கில் இருந்திருந்தால், பங்குப் பேரவைக்கு நாமே தேர்ந்தெடுத்திருக்கக்கூடிய மனிதர்கள்.

ஃபாக்ஸ் இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள யார்க் நகரில் பிறந்தவர். 1570-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள், யார்க் பேராலயத்தை ஒட்டியுள்ள தூய மிக்கேல் ஆலயத்தில் அவருக்குத் திருமுழுக்கு அளிக்கப்பட்டது. அது அப்போது அரசு சபையின் ஆலயம். தந்தை எட்வர்டு அச்சபையின் நீதிமன்றத்தில் வழக்குரைஞர். தாய்வழி உறவில் பழைய விசுவாசம் அணையாமல் இருந்தது.

அவர் பிறப்பதற்கு ஏழு வாரங்களுக்கு முன்புதான், அதே 1570-ஆம் ஆண்டு பிப்ரவரி 25 அன்று, திருத்தந்தை ஐந்தாம் பயஸ் ஓர் ஆணை மடலை வெளியிட்டார். அரசி முதலாம் எலிசபெத்தைத் திருச்சபையிலிருந்து விலக்கியதோடு, அவருக்குக் கீழ்ப்படியும் கடமையிலிருந்து அவருடைய குடிமக்களையும் அது விடுவித்தது. ஐந்தாம் பயஸ் புனிதர்தான், அதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அந்த ஆணையின் சுமை முழுவதும் அவர் தோள்மீது விழவில்லை, இங்கிலாந்தின் எளிய கத்தோலிக்கர் தோள்மீதே விழுந்தது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. அதுவரை தவறான வழிபாட்டுக்காரராக மட்டுமே பார்க்கப்பட்ட ஒருவர், அன்று முதல் அரசுக்கு எதிரி என்று ஐயத்துக்கு உள்ளானார். 1580-ஆம் ஆண்டு திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரி, இருக்கும் சூழ்நிலையில் கத்தோலிக்கர் அரசிக்குக் கீழ்ப்படியலாம் என்று அந்த ஆணையைத் தளர்த்தினார். ஆனால் அதற்குள் அச்சம் வேரூன்றிவிட்டது.

அந்த அச்சம் சட்டமாக மாறியதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனெனில் ஃபாக்ஸ் மூச்சுவிட்ட காற்று அதுதான். 1559-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஞாயிறன்று அரசு சபையின் வழிபாட்டுக்குச் செல்லாதவர் 12 பென்னி அபராதம் கட்ட வேண்டும். 1581-இல் அது மாதம் ஒன்றுக்கு 20 பவுண்டு ஆயிற்று. அன்று ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. நான்கு ஞாயிறுக்கு 48 பென்னியாக இருந்தது 4,800 பென்னியாக, அதாவது நூறு மடங்காக உயர்ந்தது. 1585-இல், வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்று நாட்டுக்குள் வருகிற குரு இராசத் துரோகி என்றும், அவருக்கு இடம் கொடுப்பவர் மரண தண்டனைக்குரியவர் என்றும் சட்டம் வந்தது. 1587-இல், அபராதம் கட்ட முடியாதவருடைய நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கை அரசு எடுத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. எலிசபெத்தின் ஆட்சி முடிவதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட குருக்கள் கொல்லப்பட்டார்கள். நற்கருணை வாங்குவதற்கு நடுநிசியில், கதவடைத்து, வேலைக்காரரில் யார் காட்டிக்கொடுப்பாரோ என்ற நடுக்கத்தோடு கூடிய குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். ஞாயிறு திருப்பலிக்குப் பத்து நிமிடம் தாமதமாய் வந்து பின்வரிசையில் நிற்கிற நமக்கு அது எளிதில் விளங்காது.

ஃபாக்சுக்கு எட்டு வயதானபோது தந்தை இறந்தார். சில ஆண்டுகளுக்குப்பின் தாய் மறுமணம் செய்துகொண்டு ஸ்காட்டன் என்னும் ஊருக்குச் சென்றார். மாற்றாந்தந்தை அரசு சபைக்குச் செல்ல மறுத்த கத்தோலிக்கர். சிறுவன் படித்தது யார்க் நகரின் தூய பேதுரு பள்ளியில். அப்பள்ளியின் முந்தைய தலைமையாசிரியர் விசுவாசத்துக்காகப் பல ஆண்டுகள் சிறையில் இருந்தவர். அங்கே ஃபாக்சோடு படித்தவர்களில் ஜான் ரைட், கிறிஸ்டோபர் ரைட் என்ற சகோதரர்கள் பின்னாளில் சதியில் சேர்ந்தார்கள். ஆஸ்வால்டு டெசிமண்ட் என்ற மற்றொருவர் இயேசு சபைக் குருவானார். இந்த டெசிமண்ட் நம் கதையில் மீண்டும் வருவார்.

1586-ஆம் ஆண்டு மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாள். ஃபாக்சுக்குப் பதினாறு வயது நிறையச் சில வாரங்களே இருந்தன. அன்று யார்க் நகரில், கசாப்புக் கடைக்காரர் ஒருவரின் மனைவியான மார்கரெட் கிளித்தெரோ கொல்லப்பட்டார். அவர் செய்த குற்றம் குருக்களைத் தம் வீட்டில் மறைத்துவைத்ததும் திருப்பலி நடத்த இடம் கொடுத்ததும். விசாரணை நடந்தால் தம் பிள்ளைகளே தமக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தப்படுவார்கள் என்று அறிந்த அந்தத் தாய், குற்றச்சாட்டுக்கு விடையே கூற மறுத்துவிட்டார். அப்படி மறுத்தால் தண்டனை, மேலே பலகை வைத்துக் கற்களை ஏற்றி நசுக்கிக் கொல்வது. அதையே அவர் ஏற்றார். 1970-ஆம் ஆண்டு திருத்தந்தை ஆறாம் பவுல் புனிதர் பட்டம் வழங்கிய இங்கிலாந்து, வேல்சு நாடுகளின் நாற்பது மறைசாட்சிகளில் இவரும் ஒருவர்.

அந்த நாளில் ஃபாக்ஸ் எங்கே நின்றார், என்ன நினைத்தார் என்பதற்குப் பதிவு எதுவும் இல்லை. ஆனால் யார்க் நகரில் வளர்ந்த ஒரு கத்தோலிக்க இளைஞர் அதைக் கேள்விப்படாமல் இருந்திருக்க வழியில்லை. மார்கரெட்டின் பிள்ளைகளில் இருவர் குருக்களானார்கள், மகள் துறவியானார். அதே ஊர், அதே துயரம், அதே ஆண்டுகள். ஆகவே அடக்குமுறைதான் பயங்கரவாதத்தைப் பெற்றெடுக்கிறது என்று ஒரே வரியில் சொல்லிவிட நமக்குத் தயக்கமாக இருக்கிறது. அடக்குமுறை காயத்தை உண்டாக்குகிறது, அது உண்மை. காயத்தை யார் எங்கே கொண்டுபோய் வைக்கிறார்கள் என்பது வேறு கேள்வி.

இளைஞரான ஃபாக்ஸ் மாண்டேகு பிரபு என்னும் கத்தோலிக்கப் பெருமகனின் வீட்டில் பணியாளராகச் சேர்ந்தார். அங்கிருந்து விலக்கப்பட்டு, பிறகு அப்பிரபுவின் பேரனிடம் மீண்டும் வேலைபார்த்தார். 1591-இல், தந்தைவழி வந்த கிளிஃப்டன் நிலத்தை விற்றார். பிறகு கடலைக் கடந்து, இன்றைய பெல்ஜியம், நெதர்லாந்து நாடுகள் இருக்கும் பகுதிக்குச் சென்று, ஸ்பெயின் அரசரின் கத்தோலிக்கப் படையில் இணைந்தார். அங்கே சர் வில்லியம் ஸ்டான்லி என்பவரின் கீழ் ஆங்கிலேயக் கத்தோலிக்கர்களின் படைப்பிரிவு ஒன்று இருந்தது. 1596-ஆம் ஆண்டு கலே துறைமுக முற்றுகையில் ஃபாக்ஸ் பங்கேற்றார். பெயரையும் கீடோ என்று மாற்றிக்கொண்டார்.

அவரை அறிந்தவர்கள் சொன்னது நம்மை வியக்கவைக்கிறது. உயரமான, வலிமையான உடல், செம்பழுப்புத் தாடி, எளிதில் பழகும் சுபாவம். சண்டை சச்சரவை விரும்பாதவர், நண்பர்களுக்கு உண்மையாய் இருப்பவர், வழிபாட்டில் தவறாதவர் என்று அவருடைய பள்ளித் தோழரான டெசிமண்ட் அடிகளார் எழுதிவைத்திருக்கிறார். பயங்கரவாதி என்றால் முகத்திலேயே கொடூரம் எழுதியிருக்கும் என்று எதிர்பார்க்கும் நமக்கு இது ஏமாற்றம்தான். சொல்லப்போனால், ஆண்டவரின் பன்னிரு திருத்தூதர் பட்டியலிலும் தீவிரவாதி என்ற அடைமொழியோடு ஒரு சீமோன் இருக்கிறார். ஒவ்வொரு முறை அப்பட்டியல் வாசிக்கப்படும்போதும் நாம் அதைக் காதில் வாங்காமலே கடந்துவிடுகிறோம்.

போர்க்களத்தில் ஃபாக்ஸ் கற்றுக்கொண்டது வெடிமருந்தைக் கையாளும் தொழில். ஏறக்குறைய பத்து ஆண்டுகள் அந்நிய மண்ணில், தம் நாட்டைத் தூரத்திலிருந்து மட்டுமே பார்த்து, தம்மைப் போலவே நாட்டைவிட்டு வந்தவர்களோடு மட்டுமே பேசி வாழ்ந்தார். இப்படி வாழ்கிறவர்களின் மனத்தில் தாய்நாடு மெல்ல மெல்ல ஒரு படமாக உறைந்துபோகிறது. அங்கே பயந்து வாழ்ந்தாலும் அண்டை வீட்டாரோடு பண்டமாற்றிக்கொண்டு, அவர் வீட்டுத் திருமணத்துக்கும் சாவுக்கும் போய்வருகிற கத்தோலிக்கரின் அன்றாட வாழ்க்கை அந்தப் படத்தில் இராது. அநீதியும் எதிரியும் மட்டுமே இருப்பார்கள்.

1603-ஆம் ஆண்டு மார்ச்சில் எலிசபெத் இறந்தார். ஸ்காட்லாந்து அரசர் ஜேம்ஸ் இங்கிலாந்தின் அரியணைக்கு வந்தார். இவருடைய தாய் ஸ்காட்லாந்து அரசி மேரி, கத்தோலிக்கராகவே தலைவெட்டப்பட்டு இறந்தவர். மகன் தாயின் மக்களைக் கைவிடமாட்டார் என்று எல்லாரும் நம்பினார்கள். நார்தம்பர்லாந்து பிரபுவின் உறவினரான தாமஸ் பெர்சி என்ற கத்தோலிக்கர், ஜேம்ஸ் அரியணை ஏறுமுன்பே அவரைச் சந்தித்து, நல்வாக்குப் பெற்றுவந்ததாக எங்கும் சொல்லிவந்தார். அரசரும் தொடக்கத்தில் அபராதங்களை நிறுத்திவைத்தார். அச்சம் நீங்கிய கத்தோலிக்கர்கள் வெளிப்படையாகத் தங்களைக் காட்டிக்கொண்டார்கள். அவர்களுடைய எண்ணிக்கையைக் கண்டு அவையினர் திகைத்தார்கள். 1604 பிப்ரவரியில் குருக்கள் அனைவரும் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்ற ஆணை வந்தது. அபராதங்களும் திரும்பின. அதே ஆண்டு ஆகஸ்டில் ஸ்பெயின் நாடு இங்கிலாந்தோடு சமாதான உடன்படிக்கை செய்துகொண்டது, அதில் ஆங்கிலேயக் கத்தோலிக்கரின் உரிமைக்கு ஒரு வரிகூட இடம்பெறவில்லை. 1603-இலேயே ஃபாக்ஸ் ஸ்பெயின் சென்று படையுதவி கேட்டு, மரியாதையான வார்த்தைகளோடு வெறுங்கையாய்த் திரும்பியிருந்தார்.

எலிசபெத்தின் நாற்பத்தைந்து ஆண்டுக் கடுமையின்போதும் அரசிக்கு எதிரான சதிகள் நடந்தன, ஆனால் இத்தகைய பேரழிவை யாரும் திட்டமிடவில்லை. அது பிறந்தது ஓராண்டு மட்டும் மலர்ந்து, பிறகு கருகிப்போன ஒரு நம்பிக்கையிலிருந்து. வாக்குக் கொடுத்து மீறுகிற ஆட்சியாளர்கள் தாங்கள் எதை விதைக்கிறோம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

சதியின் மூளை ஃபாக்ஸ் அல்லர், இராபர்ட் கேட்ஸ்பி. வசதியான குடும்பம், கம்பீரமான தோற்றம், கேட்போரைக் கட்டிப்போடும் பேச்சு. இவருடைய தந்தை, மறைசாட்சியான எட்மண்ட் கேம்பியன் அடிகளாருக்கு இடமளித்த வழக்கில் சிறையிலிருந்தவர். 1601-இல் எசெக்ஸ் பிரபுவின் கிளர்ச்சியில் சேர்ந்து கேட்ஸ்பி தாமும் கடும் அபராதம் கட்டி, நிலத்தை விற்க நேர்ந்தது. 1604 மே 20 அன்று, இலண்டனில் ஸ்ட்ராண்ட் பகுதியிலிருந்த ஒரு சத்திரத்தில் ஐவர் கூடினார்கள்: கேட்ஸ்பி, தாமஸ் விண்டூர், ஜான் ரைட், தாமஸ் பெர்சி, மேலும் இதற்காகவே கடல்கடந்து அழைத்துவரப்பட்ட கை ஃபாக்ஸ். ஒரு செபப் புத்தகத்தின்மீது கைவைத்து இரகசியம் காப்பதாக ஆணையிட்டார்கள். பிறகு அடுத்த அறைக்குச் சென்று திருப்பலியில் பங்கேற்று நற்கருணை உட்கொண்டார்கள். திருப்பலி நிறைவேற்றிய ஜான் ஜெரார்டு அடிகளாருக்கு அவர்கள் எதற்காக ஆணையிட்டார்கள் என்பது தெரியாது.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. கொலைக்கு உடன்பட்ட கைகளோடு அவர்கள் ஆண்டவரின் உடலை வாங்கினார்கள், ஏனெனில் அதைக் கொலை என்று அவர்கள் எண்ணவில்லை. சமாரியர் ஊர் ஒன்று இயேசுவை ஏற்க மறுத்தபோது, வானத்திலிருந்து தீயை வரவழைக்கலாமா என்று கேட்டவர்கள் எதிரிகளல்லர். அவருக்கு மிக நெருக்கமான யாக்கோபும் யோவானும்தான் கேட்டார்கள். அவர் அவர்களைக் கடிந்துகொண்டு வேறோர் ஊருக்கு நடந்தார். ஸ்ட்ராண்ட் சத்திரத்தில் அந்த ஐவரையும் கடிந்துகொள்ள யாரும் இல்லை, இருக்கக்கூடாது என்பதற்காகத்தானே அந்த ஆணை.

பின்னர் சேர்ந்தவர்களோடு எண்ணிக்கை பதின்மூன்று ஆயிற்று. அவர்களில் பெரும்பாலோர் சகோதரர்கள், மைத்துனர்கள், ஒன்றுவிட்ட சகோதரர்கள். வெளியிலிருந்து ஒரு மாற்றுக் குரல் நுழைய இடமே இல்லாத வட்டம். ஒருவருக்கு ஐயம் எழுந்தால் அடுத்தவர் அதை அடக்குவார்.

பெர்சி, நாடாளுமன்றக் கட்டடத்தை ஒட்டி ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார். இலண்டனில் யாருக்கும் முகம் தெரியாத ஃபாக்ஸ், ஜான் ஜான்சன் என்ற பெயரில் அவருடைய வேலைக்காரராக அங்கே தங்கினார். 1605 மார்ச்சில் பிரபுக்கள் அவையின் நேர் கீழே இருந்த நிலவறையே குத்தகைக்குக் கிடைத்தது. ஆற்றைக் கடந்து படகில் வந்த வெடிமருந்துப் பீப்பாய்கள் விறகுக்கும் கரிக்கும் அடியில் அடுக்கப்பட்டன. கொள்ளை நோயின் காரணமாக அவையின் தொடக்கம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது, கடைசியில் நவம்பர் 5 என்று முடிவாயிற்று. அன்று அரசர், அரசி, மூத்த இளவரசர், ஆயர்கள், பிரபுக்கள் எல்லாரும் கூடுவார்கள். வெடித்தபின், ஒன்பது வயது இளவரசி எலிசபெத்தைக் கடத்திவந்து பெயரளவில் அரசியாக்குவது திட்டத்தின் மறுபாதி. அதற்கப்பால் என்ன என்பதற்கு அவர்களிடம் தெளிவான விடை இருந்ததாகத் தெரியவில்லை.

பிரபுக்கள் அவையில் கத்தோலிக்கரும் இருந்தார்கள் என்பதுதான் இங்கே உறுத்துகிறது. ஃபாக்ஸ் ஒருகாலத்தில் உப்பிட்டு உண்ட வீட்டின் மாண்டேகு பிரபுவும் அவர்களில் ஒருவர். அவருக்குக் கேட்ஸ்பி மறைமுகமாக, அன்று அவைக்கு வராமல் இருக்கலாமே என்று சொல்லிப் பார்த்தார். எல்லாரையும் எச்சரிக்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். தங்கள் சொந்த மக்களின் விடுதலைக்காகப் புறப்பட்டவர்கள், தங்கள் சொந்த மக்களைக் கொல்வதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

கேட்ஸ்பிக்கும் மனச்சான்று உறுத்தியது. 1605 சூன் மாதத்தில், இங்கிலாந்தில் இயேசு சபையின் தலைவராய் இருந்த ஹென்றி கார்னெட் அடிகளாரிடம் அவர் ஒரு பொதுவான சந்தேகம் கேட்டார்: நீதியான போரில், குற்றமற்றவர்களும் சேர்ந்து இறக்க நேர்ந்தால் அந்தத் தாக்குதல் பாவமா? ஃபிளாண்டர்ஸ் போருக்குச் செல்லப்போகும் வீரன் கேட்பதுபோலக் கேட்டார். அடிகளாரும் அந்நாளைய அறநெறி நூல்களின்படி பொதுவான விடை தந்தார். அதையே கேட்ஸ்பி தம் தோழர்களிடம் அனுமதிச் சீட்டுபோலக் காட்டினார். தாம் விரும்பிய விடை வருமாறு கேள்வியை வடிவமைத்துக்கொண்டு குருவிடம் செல்கிற பழக்கம் பதினேழாம் நூற்றாண்டோடு முடிந்துவிடவில்லை. ஒப்புரவு அருளடையாளத்துக்கு அமர்கிற எந்தக் குருவுக்கும் இது தெரியும்.

அதற்குப்பின் கார்னெட் அடிகளாருக்கு ஐயம் வந்தது. கிளர்ச்சி கூடாது என்ற திருத்தந்தையின் கட்டளையைக் கேட்ஸ்பிக்கு எடுத்துக்காட்டினார். கேட்ஸ்பி அது தமக்குப் பொருந்தாது என்பதுபோல் நடந்துகொண்டார். சூலையில் கேட்ஸ்பி டெசிமண்ட் அடிகளாரிடம் ஒப்புரவில் திட்டத்தை வெளியிட்டார், டெசிமண்ட் கலங்கிப்போய் அதே ஒப்புரவு இரகசியத்தின் கீழ் கார்னெட்டிடம் சொன்னார். கார்னெட்டால் உறங்க முடியவில்லை. ஒப்புரவில் கேட்டதை வெளியே சொல்லவும் கூடாது, சும்மா இருக்கவும் மனமில்லை. வன்முறையைத் தடைசெய்யும் வெளிப்படையான ஆணையைத் திருத்தந்தை அனுப்ப வேண்டும் என்று உரோமைக்கு எழுதினார். காத்திருந்தார். இந்தக் குருவின் நிலையை நினைக்கும்போதெல்லாம் நமக்கு மனம் கனக்கிறது. அவர் இன்னும் அதிகம் செய்திருக்க முடியுமா என்று நானூறு ஆண்டுகளாக விவாதம் நடக்கிறது, திருச்சபைக்குள்ளும் நடக்கிறது.

அக்டோபர் 26 அன்று மாண்டீகிள் பிரபு என்ற கத்தோலிக்கருக்குப் பெயரில்லாத ஒரு கடிதம் வந்தது. அவைக்கு வரவேண்டாம் என்று எச்சரித்த அக்கடிதத்தை அவர் அரசின் கையில் கொடுத்தார். எழுதியவர் யார் என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை. நவம்பர் 4 பகலில் நடந்த சோதனையில் விறகுக் குவியலின் அருகே நின்ற ஜான் ஜான்சனைப் பார்த்தும் அதிகாரிகள் போய்விட்டார்கள். நள்ளிரவையொட்டி சர் தாமஸ் நிவெட் ஆட்களோடு மீண்டும் வந்தபோது ஃபாக்ஸ் பிடிபட்டார். அவருக்கு வயது 35.

அரசரின் முன்னிலையிலும் அவர் தலைகுனியவில்லை. நோக்கத்தை மறைக்கவில்லை, தோல்விக்கு மட்டுமே வருந்தினார், தோழர்களின் பெயரைச் சொல்லவில்லை. அவருடைய துணிவை அரசரே வியந்ததாகச் சொல்வார்கள். நவம்பர் 6 அன்று, முதலில் மென்மையான வதைகளில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டலாம் என்று அரசர் கைப்பட அனுமதி எழுதினார். இலண்டன் கோபுரச் சிறையில் சில நாட்களில் கை ஃபாக்ஸ் உடைந்தார். வாக்குமூலங்களில் அவர் இட்ட கையொப்பங்கள் இன்றும் இங்கிலாந்தின் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. வதைக்குப்பின் இட்ட ஒன்றில் கீடோ என்ற பெயர், எழுத்தறியாத முதியவரின் கிறுக்கல்போல, பாதியில் தேய்ந்துபோகிறது. அவருடைய செயலை நாம் எவ்வளவு கண்டித்தாலும், ஒரு மனிதரின் கையை இப்படி ஆக்கிய அரசையும் நியாயப்படுத்த முடியாது.

தப்பியோடியவர்கள் ஹோல்பீச் என்ற வீட்டில் ஒளிந்தார்கள். மழையில் நனைந்த வெடிமருந்தைக் கணப்பின் முன் பரப்பி உலர்த்தும்போது ஒரு பொறி பறந்து தீப்பிடித்தது. கேட்ஸ்பிக்குத் தீக்காயம், ஜான் கிராண்ட் என்பவர் பார்வையிழந்தார். அவர்களுடைய வெடிமருந்து அவர்களையே எரித்தது. அடுத்த நாள், நவம்பர் 8 அன்று, கேட்ஸ்பியும் பெர்சியும் ரைட் சகோதரர்களும் சுடப்பட்டு இறந்தார்கள். நாட்டின் கத்தோலிக்கர் யாரும் அவர்களோடு எழவில்லை. கதவைத் தட்டியபோது சொந்த உறவினர்களே திறக்க மறுத்தார்கள். தாங்கள் யாருக்காகப் போரிடுவதாக நினைத்தார்களோ அந்த மக்களை அவர்கள் ஒருநாளும் கேட்டதில்லை. ஆங்கிலேயக் கத்தோலிக்கக் குருக்களின் தலைவரான ஜார்ஜ் பிளாக்வெல் நவம்பர் 7-லேயே இச்செயலைக் கண்டித்து மடல் எழுதிவிட்டார்.

1606 சனவரி 27 அன்று விசாரணை. சனவரி 31 அன்று நாடாளுமன்ற முற்றத்திலேயே மரண தண்டனை. வதையால் தளர்ந்த ஃபாக்ஸ் கடைசியாக ஏணியில் ஏற்றப்பட்டார். கழுத்து முறிந்து உடனே இறந்ததால், உயிரோடு குடலறுக்கப்படும் கொடுமைக்குத் தப்பினார்.

மற்றவர்கள் தப்பவில்லை. சதியில் தொடர்பே இல்லாத நிக்கோலாஸ் ஓவன் என்ற இயேசு சபைச் சகோதரர், ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வீடு வீடாகச் சென்று, குருக்கள் ஒளிவதற்குச் சுவரிலும் படிக்கட்டிலும் மறைவிடங்கள் அமைத்த தச்சர். குள்ளமான உருவம், குடலிறக்க நோய். அவரைத் தொங்கவிட்டு வதைத்தார்கள். ஒரு வீட்டின் பெயரைக்கூடச் சொல்லாமல் 1606 மார்ச்சில் கோபுரச் சிறையில் இறந்தார். எட்வர்டு ஓல்ட்கார்ன் அடிகளார் ஏப்ரலில் கொல்லப்பட்டார், மே 3 அன்று கார்னெட் அடிகளார் தூக்கிலிடப்பட்டார். திருச்சபை ஓவனுக்கு 1970-இல் புனிதர் பட்டமும், ஓல்ட்கார்னுக்கு 1929-இல் அருளாளர் பட்டமும் அளித்தது. சதியில் ஈடுபட்ட பதின்மூவரில் யாரையும் அது மறைசாட்சி என்று அழைத்ததில்லை.

நீண்டகாலம் தொடரும் கடும் உரிமை மீறலுக்கு எதிராக ஆயுதம் ஏந்துவது பற்றித் திருச்சபையின் மறைக்கல்வி ஐந்து நிபந்தனைகளை ஒருசேர வைக்கிறது. ஃபாக்சும் நண்பர்களும் முதல் நிபந்தனையை நிறைவு செய்தார்கள் என்பதை நாம் மறுக்கமாட்டோம். அவர்கள் பட்ட அநீதி உண்மையானது. வேறு வழியெல்லாம் முயன்றுவிட்டதா, இதைவிடப் பெரிய கேடு விளையாதா, வெற்றிக்கு நியாயமான நம்பிக்கை உண்டா, மேலான தீர்வு இல்லவே இல்லையா என்ற மற்ற நான்கையும் அவர்கள் கேட்கவேயில்லை. அதோடு, யார் என்று பாராமல் கொல்லும் பயங்கரவாதத்தை அதே மறைக்கல்வி எவ்வித விதிவிலக்குமின்றித் தள்ளிவைக்கிறது.

கேடு விளையத்தான் செய்தது. 1606-இல் புதிய சட்டங்கள் வந்தன. கத்தோலிக்கர் வழக்குரைஞராகவோ மருத்துவராகவோ பணிபுரியத் தடை, இலண்டனிலிருந்து பத்து மைல் சுற்றளவுக்குள் வாழ்வதற்குத் தடை, அரசருக்கு விசுவாச உறுதிமொழி. அவர்களுக்கு முழுமையான விடுதலைச் சட்டம் கிடைத்தது 1829-ஆம் ஆண்டில்தான். நிலவறையில் ஃபாக்ஸ் பிடிபட்ட இரவிலிருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய 224 ஆண்டுகள். இடைப்பட்ட காலமெல்லாம், ஏதேனும் ஓர் ஊரில் திருப்பலி நடப்பதாக வதந்தி கிளம்பினால் போதும், அந்த வெடிமருந்தே சாட்சிக்கு அழைக்கப்பட்டது.

நவம்பர் 5-ஐ நன்றி வழிபாட்டு நாளாக நாடாளுமன்றம் சட்டமாக்கியது, அது 1859 வரை நீடித்தது. சொக்கப்பனைபோல் நெருப்பு மூட்டி, தொடக்கக் காலத்தில் திருத்தந்தையின் கொடும்பாவியை எரித்தார்கள், பிறகு ஃபாக்சின் கொடும்பாவி. அந்தக் கந்தல் பொம்மைக்கு கை என்று பெயர் வந்து, பிறகு கந்தலாடை மனிதருக்கு ஆகி, கடைசியில் ஆங்கிலத்தில் எந்த ஆளையும் குறிக்கும் சொல்லாயிற்று. நம் பிள்ளைகள் கைபேசி முன் நின்று ஹாய் கைஸ் என்று தொடங்கும்போது யார் பெயரைச் சொல்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. ஓர் ஆங்கிலச் சித்திரக் கதையிலும் 2006-இல் வந்த அதன் திரைப்படத்திலும் புன்னகைக்கும் ஃபாக்ஸ் முகமூடி இடம்பெற்றது. அதன்பின் பல நாடுகளில் அரசை எதிர்த்து வீதிக்கு வருகிறவர்கள் அதை அணிகிறார்கள். அணிகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த முகம் திருப்பலிக்குச் சென்ற ஒருவருடையது என்று தெரியுமோ!

நாடாளுமன்றத்தை மன்னர் தொடங்கிவைக்கும் நாளில், அவருடைய மெய்க்காவலர்கள் கையில் லாந்தரோடு நிலவறைகளைச் சோதிக்கும் சடங்கு இன்னும் நடக்கிறது. யார்க் நகரின் ஷாம்பிள்ஸ் தெருவில் புனித மார்கரெட்டுக்கு ஒரு சிறு செபக்கூடம் உண்டு. அந்நகரின் தூய பேதுரு பள்ளி இன்றும் நடக்கிறது. அங்கே நவம்பர் 5 அன்று கொடும்பாவி எரிப்பதில்லை. தங்கள் பள்ளியில் படித்த ஒருவரை எரிக்க அவர்களுக்கு மனமில்லை.